உரலும் ஷூவும்: தொடக்க வாசிப்பின் சொல்தேர்வும் வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் தொடக்க வாசிப்பு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எழுத்துகளை அறிமுகப்படுத்தும் வரிசையையும் கற்பித்தல் முறையையுமே மையமாகக் கொண்டுள்ளன. எழுத்தோடு இணைத்துக் குழந்தைக்கு முதலில் காட்டப்படும் சொற்கள் எவை, அவற்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் எது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தின் மொழிச்சூழலை முன்னிறுத்தி, அரிச்சுவடி மரபின் சொல்தேர்வை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. குழந்தையிடம் சொல் குறைவு என்னும் கருத்தைக் காட்டிலும், குழந்தையிடமுள்ள சொல்லுக்கும் ஏட்டிலுள்ள சொல்லுக்கும் இடையே வழி அமைக்கப்படவில்லை என்னும் கருத்தே இச்சூழலுக்குப் பொருந்தும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தொடக்க வாசிப்பு, அரிச்சுவடி, மொழிமுதல், இரட்டை வழக்கு, கிரந்த எழுத்து, தக்கினி உருது, தோல் தொழில்.

முன்னுரை

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்னும் இலக்கோடு தமிழ்நாடு அரசு 2022 ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அவ்விலக்கை எய்துவதற்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2025. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பகுத்துப் பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் இத்திட்டம், 2000களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலின் தொடர்ச்சியாகும். 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படுத்தியது. முறையளவில் இவை மனப்பாட வகுப்பறையிலிருந்து நெடுந்தொலைவு வந்துவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் முறை மாறியபோது சொல் மாறியதா என்று கேட்க வேண்டியுள்ளது. பாடலாகப் பாடினாலும் பொம்மையைக் கொண்டு சொல்ல வைத்தாலும், குழந்தை இறுதியில் வந்து சேர்வது ஒரு படத்திடமும் அதன் கீழுள்ள ஒரு சொல்லிடமும்தான். அச்சொல் யாருடையது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் எனத் தோலையும் காலணியையும் நம்பி வாழும் ஊர்கள் இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றன. தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூர்களின் பேச்சில், தொழில் கொண்டுவந்த சொற்கள் அன்றாடம் கலந்துள்ளன.

அரிச்சுவடியின் சொற்கள்

அணில், ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐவர், ஒட்டகம், ஓடம், ஔவையார் என்னும் வரிசை தமிழ்நாட்டில் எழுத்தறிந்த எவருக்கும் நினைவிலிருப்பது. சிற்சில மாற்றங்களோடு சுவர் அட்டையிலும் படப்புத்தகத்திலும் இன்றைய அலைபேசிச் செயலியிலும் இவ்வரிசையே தொடர்கிறது. இதன் சொற்களைத் தேர்ந்தது குழந்தையின் அனுபவமன்று, எழுத்தின் தேவை. ஐகாரத்திலும் ஔகாரத்திலும் தொடங்கும் எளிய பெயர்ச்சொற்கள் தமிழில் மிகக் குறைவு. எனவே ஐவரும் ஔவையாரும் வந்தனர். குழந்தைக்குச் சொல்லைக் கற்பிப்பதற்காக எழுத்து என்னும் நிலை மாறி, எழுத்தைக் காட்டுவதற்காகச் சொல் என்னும் நிலை உருவானது.

இதில் உரலின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. 2011இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்வழித் தமிழ்நாட்டு அரசே குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கியது. அடுக்களையிலிருந்து உரலை வெளியேற்றுவதற்கு உதவிய அதே அரசின் வகுப்பறைச் சுவரில் உரல் இன்னும் நிற்கிறது. குழந்தை அறியாத பொருளை நூல் அறிமுகப்படுத்தலாகாது என்பது இதன் பொருளன்று. அறியாததை அறிவதற்குத்தான் நூல். ஆனால் எழுத்தின் ஒலியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய முதற்கணத்தில் பொருளும் புதிது, பெயரும் புதிது, வடிவமும் புதிது என்றால், குழந்தை மூன்று புதியவற்றை ஒருங்கே சுமக்கிறது.

வடிவ எளிமை கருதி ட, ப, ம முதலிய எழுத்துகளிலிருந்து தொடங்கும் முறையும் இச்சிக்கலுக்குத் தீர்வாகவில்லை. அகரவரிசையின் ஆதிக்கத்தை அது உடைத்தது உண்மையே. எனினும் அம்மூன்று எழுத்துகளிலிருந்து பிறக்கும் சொற்கள் படம், மடம், பட்டம், மட்டம் என்பனவாக அமைகின்றன. ஆறு வயதுக் குழந்தைக்கு மடம் என்பது என்ன? வரிசையின் இடத்தில் வடிவம் அமர்ந்தது. குழந்தை அப்போதும் அளவுகோலாகவில்லை.

கன்னட எழுத்தறிவு குறித்துச் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அசை எழுத்து முறைகளில் எழுத்துத் தொகுதி முழுவதையும் கைக்கொள்வது தொடக்கப்பள்ளிக் காலத்தின் பெரும்பகுதிக்கும் நீள்கிறது என்று காட்டியது. 247 எழுத்துகள் கொண்ட தமிழ் நெடுங்கணக்குக்கும் இதை ஓரளவு பொருத்திப் பார்க்கலாம். எழுத்து முழுவதும் முடிந்த பிறகே சொல் என்று காத்திருந்தால், குழந்தை பொருளற்ற ஒலிகளோடு ஆண்டுக்கணக்கில் கழிக்க நேரும். எனவே எழுத்தும் சொல்லும் உடன்வர வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. எந்தச் சொல் என்பதில்தான் கவனமில்லை.

மொழிமுதல் விதியும் ஆம்பூர்க் குழந்தையும்

எவ்வெழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் வரையறுத்துள்ளன. ட, ர, ல முதலிய மெய்கள் இவ்விரு நூல்களிலும் மொழிமுதலாக இடம்பெறவில்லை. இப்போது ஆம்பூரில் வளரும் குழந்தை நாள்தோறும் கேட்கும் சொற்களை நோக்கலாம்: டேனரி, டீ, ரோடு, ரப்பர், லாரி, லெதர், லோடு, ஷிஃப்ட், ஷூ, ஜோடி. ஏறத்தாழ அனைத்துமே இலக்கணம் முதலெழுத்தாக ஏற்காதவற்றில் தொடங்குகின்றன. அவற்றுள் மூன்று, நெடுங்கணக்கிலேயே இல்லாத கிரந்த எழுத்துகளில் தொடங்குகின்றன. ‘ஷூ கம்பெனி’ என்பது இவ்வூர்களில் அம்மாவோ அக்காவோ நாள்தோறும் சென்று திரும்பும் இடத்தின் பெயர். அச்சொல்லை எழுதுவதற்கான எழுத்தை 247க்குள் குழந்தை தேடினால் கிடைக்காது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை எல்லா எழுத்துகளும் முடிந்த பின்னர், பிற்சேர்க்கைபோல் வந்து சேர்கின்றன.

இது அயற்சொல் பற்றிய சிக்கல் மட்டுமன்று. குழந்தை எழுத விரும்பும் முதற்சொல் பெரும்பாலும் அதன் பெயர். ஆயிஷா, ஷபானா, சந்தோஷ், ராஜேஷ், ஜெயஸ்ரீ என்றெல்லாம் பெயரிடப்படும் வகுப்பில், தன் பெயரை எழுதக் குழந்தை நெடுங்கணக்கின் இறுதிவரை காத்திருக்க வேண்டியுள்ளது. ஃபாத்திமாவின் நிலை இன்னும் விந்தையானது. ஆய்த எழுத்தை அவளுக்கு எஃகின் வழியே அறிமுகப்படுத்துகிறோம். அவ்வெழுத்தைத் தன் பெயரிலேயே அவள் வைத்திருக்கிறாள்.

வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுக என்னும் தொல்காப்பிய நெறியை இங்கு எதிர்வாதமாக முன்வைக்கலாம். மதிக்கத்தக்க நெறி அது. இலக்கியத் தமிழின் ஒலியமைதியைக் காத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆயின் மொழிமுதல் விதி என்றுமே உறைந்து நின்றதில்லை. பரவலாக அறியப்பட்ட பாடத்தின்படி தொல்காப்பியம் சகரத்தை அ, ஐ, ஔ ஆகிய உயிர்களோடு மொழிமுதலாக ஏற்கவில்லை. (இந்நூற்பாவில் பாடவேறுபாடு உண்டென்பதும் அறிந்ததே.) நன்னூல் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரிச்சுவடி சக்கரத்தையும் சட்டையையும் எவ்விதத் தயக்கமுமின்றிக் காட்டுகிறது. வழக்குக்கு இடம்கொடுத்தது இலக்கணமே. அரிச்சுவடி அதைவிட இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை.

இதே வட்டாரத்தின் மற்றொரு சொல் ‘அப்பர்’. காலணியின் மேற்பகுதியைக் குறிக்கும் இச்சொல், வெட்டிய தோல் துண்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து இணை ஒன்றுக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கையால் தைக்கும் பெண்களின் பேச்சில் ஓயாது ஒலிப்பது. குழந்தை பின்னாளில் பாடநூலில் அப்பரைச் சந்திக்கும்போது அவர் திருநாவுக்கரசராக இருப்பார். ஒரே எழுத்துக்கூட்டு, இரு உலகங்கள். நல்ல ஆசிரியர் ஒருவரிடம் இத்தற்செயலே ஒரு பாடமாகியிருக்கும்.

‘சொற்பற்றாக்குறை’ என்னும் கருத்து

1995இல் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் கான்சஸ் பகுதியில் 42 குடும்பங்களை நோக்கி, வறிய குடும்பத்துக் குழந்தைகள் வசதியான குடும்பத்துக் குழந்தைகளைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்டு வளர்கின்றனர் என்று மதிப்பிட்டது. தொடக்கக் கல்வித் திட்டங்களில் உலகெங்கும் செல்வாக்குப் பெற்ற எண் இது. ஆனால் அவ்வாய்வில் அரசு உதவி பெற்ற வறிய குடும்பங்கள் ஆறு மட்டுமே. டக்ளஸ் ஸ்பெரி முதலியோர் பின்னர் மேற்கொண்ட மறுஆய்வு, தாய் நேரடியாகக் குழந்தையிடம் பேசுவதை மட்டும் எண்ணாமல், வீட்டிலுள்ள பலர் பேசுவதையும் குழந்தையைச் சூழ்ந்து நிகழும் பேச்சையும் எண்ணினால், வர்க்கங்களுக்கிடையே சொல்லப்பட்ட இடைவெளி அவ்வாறே நிற்பதில்லை என்று காட்டியது.

ஆம்பூர்த் திண்ணைக்கு இத்திருத்தம் பொருந்துவதாகத் தோன்றும். மூன்று பெண்கள் கூடியமர்ந்து அப்பர் தைக்கும் இடத்தில் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் இவ்விடத்தில் எளிதில் மனம் நெகிழ்ந்துவிடலாகாது. அட்ரியானா வைஸ்லெடர், ஆன் ஃபெர்னால்டு இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்பானிய மொழி பேசும் வறிய குடும்பத்துக் குழந்தைகளை நோக்கி, அருகே ஒலிக்கும் பேச்சன்று, குழந்தையை நோக்கிச் சொல்லப்படும் பேச்சே சொல்வளத்தைக் கூட்டுகிறது என்று கண்டது. இணைக்குக் கூலி என்னும் ஏற்பாட்டில் தாயின் கண் ஊசிமுனையில் நிற்கிறது. குழந்தை சுட்டிக் கேட்கும் பொருளின் பெயரைச் சொல்ல நிமிர்வதற்கும் கூலிக்கணக்கில் விலையுண்டு. உழைக்கும் வீட்டின் பேச்சுவளத்தைப் போற்றும் திறனாய்வு இதை மறைக்குமாயின், அது கூலி முறையையே மறைத்ததாகும்.

ஆகவே இரு கூற்றுகளையும் ஒருங்கே ஏற்க வேண்டியுள்ளது. குழந்தையோடு பேசுவதற்கான நேரத்தை வேலை பறிக்கிறது. அந்த வேலையின் மொழியைக் குழந்தை அறிந்தும் வருகிறது. வெட்டு, ஒட்டு, மடி, தை, துளை, எண்ணு என்னும் வினைகள் அதன் கண்முன் நிகழ்பவை. முதலாவதைச் சீர்செய்யப் பள்ளியால் இயலாது. கூலியும் குழந்தைகள் மையமும் சார்ந்த செய்தி அது. இரண்டாவதைப் பயன்படுத்திக்கொள்ளப் பள்ளியால் இயலும்.

நியூசிலாந்தின் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ‘டீச்சர்’ (1963) என்னும் நூலில் விவரித்த முறை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஒவ்வொரு குழந்தையிடமும் அன்று அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அதையே அட்டையில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். அச்சமும் அன்பும் தொனிக்கும் சொற்கள் ஒருமுறை கண்டவுடன் மனத்தில் பதிந்தன. பிற சொற்கள் பதியவில்லை. இம்முறையை அப்படியே பெயர்த்துக்கொள்வதில் இடரும் உண்டு. ஆங்கிலத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவைவிடத் தமிழில் அத்தொலைவு பெரிது. குழந்தை தரும் சொல்லை எந்த வடிவில் எழுதுவது என்று ஆஷ்டன்-வார்னர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. தமிழாசிரியர் கவலைப்பட்டாக வேண்டும்.

‘கீது’ முதல் ‘இருக்கிறது’ வரை

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை வகுத்தது முதல் தமிழ் அதற்குரிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகப் பேசப்பட்டு வருகிறது. வட ஆர்க்காட்டுப் பேச்சில் இத்தொலைவு இன்னும் அகன்றது. ‘வீட்டில் இருக்கிறது’ என்பது ‘வூட்ல கீது’ என்றாகும். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பது ‘வந்துகினு கீறான்’ என்றாகும். ‘இருக்கிறது’ என்னும் எழுத்துச்சொல் ஆறு எழுத்துகள் கொண்டது. ‘கீது’ இரண்டே எழுத்துகள். எழுத்துக்கூட்டி ‘இ-ரு-க்-கி-ற-து’ என்று ஒலித்து முடித்த குழந்தை, அது தான் நாளும் சொல்லும் ‘கீது’தான் என்று உணர வேண்டும். அவ்வுணர்வு நேராதபோது வாசிப்பு வெறும் ஒலிப்பாக நின்றுவிடுகிறது. அரபு மொழியில் எலினோர் சாயெக்-ஹத்தாத் 2003இல் காட்டியதும் இதுவே: பேச்சுமொழியில் இல்லாத ஒலிகளையும் வடிவங்களையும் கொண்ட சொற்களை வாசிப்பதில் தொடக்கநிலைக் குழந்தைகள் கூடுதலாக இடர்ப்படுகின்றனர்.

இதற்கான தீர்வு பாடநூலை வட்டாரப் பேச்சில் எழுதுவதன்று. ‘கீது’ என்று அச்சிட்டால் நாகர்கோவில் குழந்தைக்கு அது மற்றோர் அயல்மொழியாகிவிடும். வகுப்பறையில் வாய்மொழியாக இவ்விரு வடிவங்களையும் அருகருகே நிறுத்துவதே வேண்டப்படுவது. ‘நாம் கீது என்கிறோம், புத்தகம் இருக்கிறது என்கிறது’ என்று வெளிப்படையாகச் சொல்வது. ‘கீது’ என்ற குழந்தையைத் திருத்துவதும், ‘கீது’விலிருந்து ‘இருக்கிறது’வுக்கு அழைத்துச் செல்வதும் ஒன்றல்ல.

உருது பேசும் வீடுகள்

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இச்சட்டத்தை மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றங்களில் எதிர்கொண்ட வரலாறு தனியே ஆராயத்தக்கது. இங்குப் பொருந்துவது அதன் வகுப்பறைப் பக்கம் மட்டுமே. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் தக்கினி உருது பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குத் தமிழ் தெருமொழியாகப் பழக்கமானது, ஏட்டுமொழியாக அன்று. வலமிருந்து இடம் செல்லும் எழுத்தும் இடமிருந்து வலம் செல்லும் எழுத்தும் அதற்கு ஒரே வயதில் அறிமுகமாகின்றன.

எனினும் இக்குழந்தைக்கு ஒரு பாலம் முன்னரே கட்டப்பட்டிருந்தது. பாக்கி, வசூல், தயார், சாமான், பஜார், ஜோடி ஆகியவை உருது வீட்டிலும் தமிழ்த் தெருவிலும் ஒன்றுபோல் ஒலிப்பவை. போர்த்துகீசியத்திலிருந்து இந்திய மொழிகளுக்குள் வந்த சாவியும் அலமாரியும் சிறு ஒலிமாற்றத்தோடு இரண்டிலும் உள்ளன. ஏட்டுத் தமிழோ நிலுவை, ஆயத்தம், பொருள்கள், அங்காடி, இணை என்று செல்கிறது. இவை நல்ல சொற்கள். குழந்தை இவற்றை அறிந்தே தீர வேண்டும். ஆனால் முதற்படியிலேயே பொதுச்சொற்களை அகற்றிவிட்டு இவற்றை வைக்கும்போது, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத குழந்தைக்கிருந்த ஒரே கைப்பிடி பறிபோகிறது. தனித்தமிழ் உணர்வு பொதுவெளியில் ஆற்றிய பணி பெரிது. ஆறு வயதினரின் முதற்சொல் பட்டியல் அதற்குரிய களமன்று. உருதுக் கவிஞர் குடும்பத்திலிருந்து வந்து வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமானின் ‘ஆலாபனை’ 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதை இப்பகுதியினர் பெருமையோடு நினைவுகூர்வர். இவ்விரு மொழிகளும் ஒரே வீட்டில் பகையின்றி வாழக்கூடியவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தோல் என்னும் சொல்

இதுவரை பேசப்பட்டவை ஒலி, எழுத்து, வழக்கு பற்றியவை. தோல் வட்டாரத்தின் சொற்கள் அரிச்சுவடிக்குள் வராமைக்கு இவை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஏனெனில் இத்தொழிலின் சொற்கள் எல்லாம் அயற்சொற்கள் அல்ல. பச்சைத் தோலைக் கெடாமல் காப்பது உப்பு. மயிர் நீக்குவதற்கு ஊறவைப்பது சுண்ணாம்பில். குரோமியம் வருமுன் பதனிடப் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். தைப்பது ஊசியாலும் நூலாலும். ஆகாரத்துக்கு ஆவாரையும், உகரத்துக்கு உரலின் இடத்தில் உப்பும், ஊகாரத்துக்கு ஊஞ்சலின் இடத்தில் ஊசியும் எவ்வித இலக்கணத் தடையுமின்றி அமரக்கூடியவை. தகரத்தின் ஓகார வரிசைக்குத் தோலைவிட எளிய சொல் எது?

தோலைத் தொடும் உழைப்பைத் தீட்டோடு பிணைத்த சாதியப் பார்வையைக் கணக்கில் கொள்ளாமல் இவ்விடுபடலை விளக்க இயலாது. வேண்டுமென்றே எவரோ விலக்கினர் என்று கூறவேண்டியதில்லை. நினைவுக்கே வராமற்போவதும் விலக்கின் ஒரு வகைதான். உழவர், தச்சர், குயவர், நெசவாளர் என்று தொழில்களைச் சிறுவர்க்குக் காட்டும் படவரிசைகளில் தோல் பதனிடுவோர் பெரும்பாலும் இருப்பதில்லை. இத்தனைக்கும் ‘தோல்’ தமிழ்ப் புலமை மரபுக்கு அந்நியமான சொல்லன்று. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றின் பெயரே தோல். செய்யுளியல் கற்பிக்கும் பல்கலைக்கழக வகுப்பில் கூசாமல் ஒலிக்கும் இச்சொல், முதல் வகுப்பில் ஒலிப்பதில்லை.

பெரியோர் இலக்கியம் இவ்வெல்லையை எப்போதோ கடந்துவிட்டது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பேரணாம்பட்டு மண்ணிலிருந்து எழுதிய அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ முதலிய படைப்புகள் இவ்வட்டாரத் தலித் வாழ்வைத் தமிழ் நாவலுக்குள் நிலைநிறுத்தின. நாவலுக்குள் வந்த சொல் அரிச்சுவடிக்குள் வருவதற்கு மட்டும் என்ன தடை?

ஒரு மறுப்பு இங்கு வலுவானது. தோல் தொழிலாளியின் குழந்தைக்குத் தோலைப் பற்றிய சொற்களைக் கொடுப்பது, அதைத் தந்தையின் தொழிலுக்குள்ளேயே கட்டிப்போடுவதாகாதா? 1953இல் சென்னை மாகாணத்தில் அறிமுகமான அரைநாள் கல்வித் திட்டம் குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்டதை மறவாத மாநிலத்தில் இவ்வச்சம் இயல்பானதே. இதற்கான விடை, இச்சொற்களை ஆம்பூருக்கு மட்டும் ஒதுக்காமல் 38 மாவட்டங்களுக்கும் பொதுவாக்குவதில் உள்ளது. பட்டுப்புழுவையும் நெல்வயலையும் எல்லாக் குழந்தைகளும் வாசிப்பதுபோல், ஆவாரம்பட்டையையும் தோலையும் மயிலாப்பூர்க் குழந்தையும் வாசிக்க வேண்டும். ஆம்பூருக்கென்று தனி அரிச்சுவடி அச்சிட்டால், மேற்சொன்ன மறுப்பு சரியென்றே ஆகிவிடும்.

ஒரு படம், மூன்று சொற்கள்

நடைமுறையில் இச்சிக்கல் மிகச் சிறிய இடத்தில் வெளிப்படும். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு வழங்கப்படுவது ‘விலையில்லாக் காலணி’. குழந்தை அதைக் காலில் மாட்டிக்கொண்டு ‘செருப்பு’ என்கிறது. அதன் தாய் தைத்து முடித்து ஏற்றுமதிக்கு அனுப்புவது ‘ஷூ’. மதிப்பீட்டுத் தாளில் படமொன்றைக் காட்டிப் பெயரைக் கேட்கும்போது, மூன்றில் எதைச் சொன்னால் மதிப்பெண்? ‘காலணி’ ஒன்றே விடையெனில், படத்திலுள்ள பொருளை அதன் அடிப்பகுதியும் மேற்பகுதியும் தையலும் வரை அறிந்த குழந்தை ‘சொல்வளம் குறைந்தது’ என்று பதிவாகும். ‘செருப்பு’ வசையாகவும் வழங்கும் சொல் என்பதால் ஆசிரியர் முகம் சுளித்தால், அடுத்த முறை அக்குழந்தை வாய்திறக்கத் தயங்கும்.

மூன்றையும் ஏற்று, மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எது எவ்விடத்தில் வழங்கும் என்று பேசும் வகுப்பில் சொற்களஞ்சியம் ஒரே நாளில் மூன்று மடங்காகிறது. இதற்குப் புதிய நூலோ புதிய நிதியோ வேண்டியதில்லை. மதிப்பீட்டு விடைக்குறிப்பில் ‘இவற்றுள் எதுவாயினும் ஏற்கத்தக்கது’ என்னும் ஒரு வரியும், நெடுங்கணக்கு அட்டையின் கடைசி வரியிலிருந்து ‘ஷ’வை எடுத்து, முதல் மாதத்திலேயே குழந்தையின் பெயர் அட்டையில் எழுதிக்கொள்ள ஆசிரியருக்கு இசைவும் வேண்டும்.